நீலகிரிப் புல்வெளி தரிசு நிலம் ஆகுமோ?

மரம் நடுதல் புண்ணியம் என்பது நம் நாட்டுக் குடியானவர்கள் யாவருடைய மனத்திலும் ஊறிய எண்ணமாகும். 1950-ஆம் ஆண்டில் தொடங்கிய வனமகோற்சவமும், 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாடு சர்க்கார் ஆரம்பித்த பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் இந்நல்லெண்ணத்தை ஊக்குவிப்பனவேயாம். மாநிலத்தின் நிலப்பரப்பில் 100-க்கு 33 பங்கு காடும் மரமும் அமைய வேண்டுமென்னும் நோக்கத்தை எவரும் குறை கூறார். ஏரிக்கரையிலும், சாலையோரத்திலும், வரப்பிலும், புறம்போக்கிலும் எத்தனை மரம் வைத்தாலும் தகும். ஆயினும் விதைப்பதற்கு முன் நிலத்தின் குணத்தையும் பருவத்தையும் ஆராய்வது விவசாயத்தின் முதற்பாடமன்றோ? களர் நிலத்தில் வாழையை வைத்துவிட்டு விளைச்சல் இல்லையென்று வருந்துவதில் பயன் யாது? அவ்வாறே, மரம் வைக்கத்தகாத இடமும் உண்டு என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் அவசியம். நீலகிரியின் உச்சியிலுள்ள புல்வெளி அத்தகைய இடம் என்பதும், அதனைக் காப்பது மலையிலுள்ளார்க்கு மட்டுமின்றிச் சமவெளியில் ஏர் பிடிப்பவர்க்கும் உரிய கடமை என்பதும் நமது அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை இங்கு எடுத்துரைப்போம்.

புல்லும் சோலையும்

நீலகிரியின் மேல்மட்டத்தில், உத்தேசமாக 6,000 அடிக்கு மேற்பட்ட இடங்களில், குன்றுகளின் முதுகெல்லாம் புல் போர்த்தும், இரு குன்றுகளுக்கு இடைப்பட்ட மடிப்புகளில் மட்டும் குட்டையான மரங்கள் நெருங்கியும் காணப்படும். அம்மடிப்புக் காட்டையே சோலை என்கிறோம். நாவல் இனங்களும், செண்பகமும், இலவங்கத்தின் உறவு மரங்களும், பாசியும் பெரணியும் மண்டிய இச்சோலைக்கும் வெளியிலுள்ள புல்லுக்கும் நடுவே கத்தியால் வெட்டினாற்போல் எல்லை இருக்கும். மார்கழி தைத் திங்களில் திறந்த சரிவுகளில் உறைபனி வீழ்கின்றது. சோலை மரங்களின் இளங்கன்றுகள் அப்பனியைத் தாங்கமாட்டாமல் கருகிவிடுகின்றன. புல்லோ மேலே காய்ந்தாலும் தூர் பிழைத்து மழைக்குத் தளிர்த்துவிடும். இவ்வெல்லை ஏற்பட்டதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

முன்பு இங்கெல்லாம் காடு இருந்ததாகவும், மனிதர் வெட்டியும் எரித்தும் அழித்தமையால்தான் புல் முளைத்ததாகவும் நெடுங்காலம் பலர் எண்ணி வந்தனர். இவ்வெண்ணம் சரியன்று. நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்துள்ள கரிய மட்கு மண்ணை ஆராய்ந்து 1993-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் வெளியிட்ட முடிவின்படி, கடந்த 20,000 ஆண்டுகளாகவே சீதோஷ்ணம் மாறுந்தோறும் புல் ஒருகால் பெருகியும் ஒருகால் சுருங்கியும் வந்திருக்கின்றது. கோடரியும் கொளுத்தும் கையும் மலையேறுவதற்கு வெகு காலம் முன்னரே புல்வெளி அங்கு இருந்தது. ஆகவே அதனை அழிந்த காடு என்று கொள்ளாமல், தானே ஒரு முழுமையான இயற்கை அமைப்பு என்றே கொள்ளுதல் வேண்டும்.

இப்புல்வெளியை நம்பி வாழும் உயிர்கள் பல. செங்குத்தான பாறைகளிலிருந்து இறங்கிப் புல் மேயும் வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள மலைகளையன்றி உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறு பறவை புல் தூரில் கூடு கட்டுகின்றது. புல் மறைந்தால் அதற்குப் போக்கிடமில்லை. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவை நீலமாக்கும் குறிஞ்சியும் இவ்வெளியின் செடியே. 2006-லும் 2018-லும் பூத்த அது இனி 2030-இல் பூக்க வேண்டும். வரையாட்டைக் காக்கும்பொருட்டு முக்கூர்த்திப் பகுதி 1982-இல் சரணாலயமாகவும், 1990-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். இப்பூங்காவை உள்ளடக்கிய நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986-இல் ஏற்பட்டது. நம் தேசத்தில் அவ்வகையில் அதுவே முதலாவது. 2024-இல் தமிழ்நாட்டில் எடுத்த வரையாட்டுக் கணக்கில் 1,031-ம், 2025-இல் எடுத்த கணக்கில் 1,303-ம் தென்பட்டன. ஒரு மாநில முழுமைக்கும் உள்ள தொகை இவ்வளவே என்பதை நினைக்கும்பொழுது, நம் ஊர்ச் சந்தையொன்றில் ஒரே நாளில் இதனினும் மிகுதியான வெள்ளாடுகள் கைமாறுகின்றன என்பதும் நினைவுக்கு வராமற் போகாது.

தரிசு என்ற சொல்லால் விளைந்த கேடு

இவ்வளவு செல்வத்தை நாம் எவ்வாறு இழந்தோம்? பிரிட்டிஷ் சர்க்காரின் நிலக்கணக்கில், உழுது பயிரிடாமலும் மரம் இல்லாமலும் கிடந்த நிலமெல்லாம் தரிசு என்று பதியப்பட்டது. தோடர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த வெளியும், அவர்கள் தம் கோயில்களுக்குக் கூரை வேயச் சதுப்பிற் சேகரித்த புல்லும் அக்கணக்கில் வருமானமற்றவை ஆயின. தரிசு என்று எழுதிவிட்ட பிறகு அதனை உபயோகப்படுத்த வேண்டும் என்பது அடுத்த படி. 1843-ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவின் கற்பூரமரம் நீலகிரிக்கு வந்தது. அதே தேசத்தைச் சேர்ந்த சீகை மரமும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்து சேர்ந்தது. முதலில் விறகுக்காகவும், சுதந்திரத்துக்குப் பின்னர் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆலைகளுக்கு வேண்டிய மரக்கூழுக்காகவும் ஆயிரக்கணக்கான ஏக்கராக்களில் இவை நடப்பட்டன. அக்காலத்து அதிகாரிகளைக் குறை கூறுதல் எமது நோக்கமன்று. நாட்டுக்கு விறகும் பட்டையும் தேவையாயிருந்தன. இருந்த அறிவைக் கொண்டு அவர்கள் செய்தனர்.

ஆனால் நட்ட இடத்தோடு நிற்பது சீகையின் சுபாவமன்று. ஒரு மரம் ஆண்டுதோறும் உதிர்க்கும் விதை ஏராளம். அவ்விதையின் ஓடு கடினமாதலால் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் கெடாமல் கிடக்கும். நெருப்புப் பட்டால் ஒருங்கே முளைத்தெழும். ஒருவகைச் சீகை வேரிலிருந்தும் கன்று விடுகின்றது. இது பயறு வகுப்பைச் சேர்ந்ததாதலால் வேர்முடிச்சுகளின் மூலம் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணிற் சேர்க்கும். சமவெளி வயலில் இது பெருநன்மை. மெலிந்த மண்ணுக்கே பழகிய மலைப்புல்லுக்கோ இது நன்மையாகவில்லை. உரம் ஏறிய மண்ணில் வேற்றுக் களைகளே முந்திக்கொள்கின்றன. ஸ்காட்ச் புரூம் என்னும் மஞ்சட் பூச்செடியும் இவ்வாறே நீலகிரி வெளிகளில் பரவியுள்ளது. இக்கதி நீலகிரிக்கு மட்டுமன்று. பழனி மலைகளில் 1970-களுக்குப் பிற்பட்ட நாற்பதாண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்ததாக, வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு ஆராய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர்.

தண்ணீர்க் கணக்கு

"ஆடும் குருவியும் போனால் குடியானவனுக்கு என்ன?" என்று கேட்போர் இருக்கலாம். அவர்களுக்கு நாம் தண்ணீர்க் கணக்கைக் கொண்டு விடை கூறுவோம்.

நீலகிரியின் தென்மேற்கில் தோன்றும் பவானியாறு கேரளத்தின் அட்டப்பாடி வழியாக வளைந்து வந்து மேட்டுப்பாளையத்தைக் கடக்கின்றது. பைக்காராவின் தொடர்ச்சியாகிய மாயாறு மலையின் வடபுறம் சுற்றி வருகின்றது. இரண்டும் கலக்குமிடத்தில் 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணை நிற்கின்றது. கீழ்பவானிக் கால்வாயின் பாசனம் 2,07,000 ஏக்கரா. கொடிவேரி, காளிங்கராயன் முதலிய பழைய கால்வாய்களின் நெல்லும் மஞ்சளும் கரும்பும் இதற்குப் புறம்பு. கீழ்பவானி ஆயக்கட்டில் தண்ணீர் யாவர்க்கும் ஒருங்கே போதாமையால், ஒரு முறை நெல்லுக்கும் மறு முறை புன்செய்ப் பயிருக்குமாகப் பகிர்ந்து விடுகிறார்கள் என்பது அங்குள்ள ஒவ்வொரு குடியானவரும் அறிந்ததே. இப்பாசனத்துக்கு மழைநீரைச் சேமித்து வைக்கும் முதல் ஏரி அணைக்கட்டு என்று எண்ணுகிறோம். உண்மையில் முதல் ஏரி மலையுச்சியில் இருக்கின்றது. புல்லின் கீழும் சோலையின் கீழும் உள்ள கருமண்ணும், தாழ்விலுள்ள சதுப்பும், தென்மேற்குப் பருவத்தில் பெய்யும் நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிவைத்து மாசி பங்குனி வரையில் ஓடைகளில் கசியவிடுகின்றன.

இது வெறும் யூகமன்று. உதகமண்டலத்திலுள்ள மத்திய மண் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மார்கன் என்னுமிடத்தில் பக்கத்துப் பக்கத்தில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 ஏக்கரா உள்ள இரண்டு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்து, 1968 முதல் ஓடையின் நீரை அளந்து வந்தனர். ஒன்றைப் புல்லும் சோலையுமாக அப்படியே விட்டனர். மற்றொன்றில் 100-க்கு 59 பங்கு நிலத்தில் 1972-இல் கற்பூரமரம் வைத்தனர். முதற் பத்தாண்டுச் சுற்றில், மரம் வைத்த ஓடையில் ஆண்டு நீர்வரத்து 100-க்கு 16 பங்கு குறைந்தது. வெட்டிய அடியிலிருந்து மறுதாம்பு தளிர்த்த இரண்டாவது சுற்றில் 100-க்கு 25 பங்கு குறைந்தது. கோடையில் ஓடும் சிறுநீரோட்டமோ முதற்சுற்றில் பாதியாயிற்று. மறுசுற்றில் நாலில் ஒரு பங்களவுக்கு இறங்கிற்று. பெருமழையில் வெள்ளத்தின் வேகம் சற்றுத் தணிந்தது என்பதையும் மறைக்காமற் கூற வேண்டும். எனினும் கோடைத் தண்ணீருக்காக ஏங்கும் ஆயக்கட்டுதாரருக்கு எது முக்கியம் என்பதை அவரே கூறட்டும். கற்பூரமரத்துக்குக் கண்ட இவ்வளவுகள் சீகைக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் இலையுடன் நின்று ஆழ நீர் குடிக்கும் மரத்தைப் புல் இருந்த இடத்தில் வைத்தால் ஓடை மெலியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான செய்முறை விளக்கம் வேண்டுவதில்லை.

ஒரேயடியாக வெட்டுவதும் தவறு

இதனைப் படித்தவுடன், "அப்படியானால் சீகை முழுவதையும் வெட்டி எறிந்துவிடுவோம்" என்று சிலர் புறப்படக்கூடும். வேற்று மரங்களை மலையினின்றும் அகற்றவேண்டுமென்று சென்னை ஹைகோர்ட்டும் கட்டளைகள் பிறப்பித்திருக்கின்றது. சர்க்காரும் 2022-இல் இதற்கென ஒரு கொள்கையை வகுத்துள்ளனர். நோக்கம் நன்று. ஆனால் முறை தவறினால் நோயினும் மருந்து கொடிதாகும். இங்கே மூன்று விஷயங்கள் ஆழ்ந்து கவனிக்கற்பாலன.

முதலாவது, மண். செங்குத்துச் சரிவில் சீகையை ஒரே கோடையில் மொட்டையடித்துவிட்டால் அடுத்த பருவமழை மேல்மண்ணை வாரிக்கொண்டு போய்விடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதும், மலை சரிந்து உயிர்ச்சேதம் நேர்ந்ததும் நினைவிருக்கும். வெறுமையான சரிவு அத்தகைய மழைக்கு எவ்வாறு ஈடுகொடுக்கும்? அன்றியும், மரத்தை வெட்டுவது வேலையின் கால்பங்கே. மண்ணிலுள்ள விதை வெயில் கண்டவுடன் ஆயிரமாயிரமாக முளைக்கும். பின்தொடர்ந்து களையெடுக்கப் பணமும் ஆளும் ஒதுக்காமல் வெட்டுவது, ஒரு சீகைக்குப் பதில் நூறு சீகை பயிரிடுவதாகும்.

இரண்டாவது, சோலை. வயது முதிர்ந்த சில சீகைத் தோப்புகளின் அடியில், பனி படாத நிழலில், சோலை மரங்களின் கன்றுகள் தாமே முளைத்து வளர்கின்றன. அத்தகைய இடத்தை மறுபடி புல்லாக்க முயல்வதும், மேலிருக்கும் சீகையை அவசரப்பட்டு வீழ்த்தி அடியிலுள்ள கன்றுகளை நசுக்குவதும் புத்தியன்று. சீகை தானே முதிர்ந்து விழும்போது சோலை அவ்விடத்தை ஏற்றுக்கொள்ளும்படி காத்திருப்பதே தகுதி.

மூன்றாவது, அடுப்பு. இதுவே எல்லாவற்றினும் பெரியது. படகர் ஹட்டிகளிலும், தோடர் மந்துகளிலும், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் குளிர் காய்வதற்கும் வெந்நீருக்கும் சோற்றுக்கும் எரிவது பெரும்பாலும் சீகை விறகு. எரிவாயு உருளை வந்துள்ளது உண்மையே. ஆயினும் அதன் விலையும், மலைக்குளிரில் நாள்முழுதும் வேண்டியிருக்கும் கனலும் விறகை விடச்செய்யவில்லை. சீகையை முற்றும் அகற்றிவிட்டால் ஏழையின் கத்தி எங்கே திரும்பும்? பக்கத்திலுள்ள சோலைக்கே திரும்பும். நூற்றாண்டுகளாக வளர்ந்த நாவல் மரம் ஒரு வாரத்து அடுப்புக்கு இரையாகும். வரையாட்டைக் காப்பதற்காகப் போடும் திட்டம் குளிரில் நடுங்கும் குழந்தையைக் கணக்கில் எடுக்காவிட்டால், அத்திட்டம் தரும நியாயத்திலும் நில்லாது, நடைமுறையிலும் நில்லாது.

செய்யத்தக்கவை

ஆதலின், விவசாயிகளோடு பழகும் உத்தியோகத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில், சர்க்கார் இலாகாக்களின் முன்பும் குடியானவர்களின் முன்பும் பின்வரும் யோசனைகளை வைக்கின்றேன்.

புதிதாகப் பரவும் சீகையை முதலிலும், பழைய தோப்பைக் கடைசியிலும் கவனிக்க வேண்டும். வயலில் கோரை வேரூன்றுமுன் எடுப்பதற்கும் வேரூன்றியபின் எடுப்பதற்கும் உள்ள செலவு வேற்றுமையை நாம் அறிவோம். நல்ல புல்வெளியின் ஓரத்தில் முளைத்துள்ள இளங்கன்றுகளை மழைக்காலத்தில், மண் நெகிழ்ந்திருக்கும்போது, வேரோடு கையாற் பிடுங்கிவிடலாம். அவை பூத்துக் காய்ப்பதற்கு முன் இதைச் செய்யவேண்டும். ஒரு ஏக்கரா தோப்பை அழிக்கும் பணத்தில் பல ஏக்கரா புல்வெளியை இவ்வாறு காப்பாற்றலாம்.

பழைய தோப்புகளைக் கீற்றுக் கீற்றாக, சரிவுக்குக் குறுக்கே, சிறிது சிறிதாகத்தான் அகற்ற வேண்டும். அகற்றிய கீற்றில் அதே பருவத்தில் உள்நாட்டு மலைப்புல்லின் தூரைப் பிரித்து நடவேண்டும். நாற்றங்கால் போட்டு நாற்று வளர்ப்பதில் நம் குடியானவர்க்கு யார் கற்றுக்கொடுக்க வேண்டும்? ஊர்தோறும் மகளிர் குழுக்களிடம் மலைப்புல் நாற்றங்காலை ஒப்படைத்து, தூருக்கு இவ்வளவென்று வன இலாகாவார் விலை கொடுத்து வாங்கினால், காடும் திருந்தும். வீட்டுக்கும் நாலு காசு சேரும். நட்டபின் குறைந்தது ஐந்தாண்டுக்காவது களையெடுக்கும் பொறுப்பும் கூலியும் அதே ஊராருக்கு இருத்தல் வேண்டும்.

வெட்டும் சீகையில் முதற்பங்கு அருகிலுள்ள ஊர்களின் விறகுக்கென ஒதுக்கப்பட வேண்டும். மிஞ்சியதே காகித ஆலைக்கும் ஏலத்துக்கும் போகலாம். தேயிலைத் தோட்டத்தாரும் பட்டாதாரர்களும் தம் நிலத்தின் மூலைகளில் விறகுக்கெனச் சிறு தோப்பு வைத்துக்கொண்டால், வெளியிலுள்ள சோலையின்மேல் பாரம் குறையும்.

மலைக்குடியானவருக்கு ஒரு வேண்டுகோள். உருளைக்கிழங்கும் காரட்டும் முட்டைக்கோசும் நல்ல விலை போகும் காலத்தில், தாழ்விலுள்ள சதுப்பை வடித்து ஒரு பாத்தி கூடப் போடலாமே என்ற ஆசை எழுவது இயற்கை. ஆனால் அச்சதுப்பே உங்கள் ஓடையின் ஊற்றுக்கண். அதனை வடித்துப் பெற்ற லாபத்தைக் கோடையில் தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்கே கொட்டிக் கொடுக்க நேரும். சதுப்பை விட்டுவிட்டு, சரிவில் உட்பக்கம் சாய்ந்த படிவரப்பு அமைத்து, விளிம்பில் புல் வைத்து, சரிவுக்குக் குறுக்கே பார் பிடித்துப் பயிரிடுவீர்களாக.

இறுதியாக, மரம் நடும் இயக்கங்களை நடத்துவோர், நிலக்கணக்கில் தரிசு என்றிருப்பதை மட்டும் பார்த்து மலைப்புல்வெளியில் கன்று நட உத்தரவிடலாகாது. நடும் விழாவுக்கு முன்னர் வன இலாகா, வருவாய் இலாகா, விவசாய இலாகா மூன்றும் கூடி அவ்விடத்தை நேரிற் பார்ப்பது நலம். இயற்கைப் புல்வெளி என்று கண்டால், அதற்குத் தனிப்பெயரிட்டு நிலக்கணக்கில் பதிய வேண்டும். தரிசு என்ற ஒரு சொல் எவ்வளவு கேடு செய்ததோ, புல்வெளி என்ற ஒரு சொல் அவ்வளவு நன்மை செய்யக்கூடும்.

செலவு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் விடை உண்டு. பவானி நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கிறோம், நகரங்களுக்குக் குடிநீர் கொண்டுபோகிறோம், ஆலை நடத்துகிறோம். ஏரியை மராமத்து செய்யப் பணம் ஒதுக்குவது போல, இந்நீரின் வருமானத்தில் ஒரு சிறு பங்கை மலையுச்சிக்கு ஒதுக்குவதில் தவறென்ன? கோபிசெட்டிபாளையத்து மஞ்சட்காரர் முக்கூர்த்தி மலையை ஒருநாளும் கண்டிராமல் இருக்கலாம். ஆனால் அவருடைய கடைமடைக்குப் பங்குனியில் தண்ணீர் எட்டுமா என்பது அம்மலையின் புல்லையும் பொறுத்திருக்கின்றது. ஆயக்கட்டுச் சங்கங்களின் கூட்டங்களில் மதகும் முறைப்பாசனமும் பற்றிப் பேசும்போது, ஒரு நாழிகையாவது இதனையும் பேசி, தீர்மானம் நிறைவேற்றி மேலிடத்துக்கு அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.